வாலைப் பார்க்காதீர்கள், சார்பைப் பாருங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் கோபத்தோடு தொடங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் (என்னை மாமா என்று அழைப்பாள், மாலை வேளைகளில் அவளும் அவளுடைய சிநேகிதிகளும் ஆங்கில இலக்கணத்தில் சந்தேகம் கேட்க வருவது வழக்கம்) கொண்டுவந்திருந்த வழிகாட்டி நூல் ஒன்றில், பக்கத்தின் உச்சியில் கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு சூத்திரத்தைப் படித்தேன்.

"சொல் 'லி' என்று முடிந்தால் ஆட்வெர்ப். முடியாவிட்டால் ஆட்ஜெக்டிவ்."

இவ்வளவுதான். விளக்கமும் இல்லை, விதிவிலக்கும் இல்லை. வடசென்னையில், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறி, அரசு உத்தியோகத்துக்கோ கப்பல் வேலைக்கோ மருத்துவமனைப் பணிக்கோ தங்களைத் தயாரித்துக்கொள்ளும் பிள்ளைகள், தங்கள் எதிர்காலத்தில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட ஒரு வரியை நம்பி ஒப்படைத்துவிட்டுத் தேர்வறைக்குள் நுழைகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த வரி பிழையானது என்பதற்குச் சாட்சி தேடி நூலகத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. எங்கள் வட்டாரத்துச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றாலே போதும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளையும், மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் எண்ணெய் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளையும் அன்றாடம் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த டேங்கர்களின் முதுகில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்னும் இரண்டு சொற்கள் மனப்பாடமாகவே இருக்கும். (இந்த 'இன்ஃப்ளேமபிள்' என்பதன் முன்னால் நிற்கும் 'இன்' எதிர்மறை என்று எண்ணி, தீப்பிடிக்காதது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. அப்படியன்று. 'ஃப்ளேமபிள்' என்றாலும் 'இன்ஃப்ளேமபிள்' என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றுதான் அர்த்தம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.)

சரி, அந்த 'ஹைலி' என்ன செய்கிறது? அது எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. லாரியைப் பற்றியும் பேசவில்லை. 'தீப்பற்றக்கூடிய' என்னும் குணத்தின் மேல் சாய்ந்து நின்று, அந்தக் குணம் எந்த அளவினது என்று சொல்கிறது. ஆகவே அது ஆட்வெர்ப். அதே டேங்கரில் ஏற்றப்படும் சரக்குக்கு 'ஹை ஸ்பீட் டீசல்' என்று பெயர். அங்கே நிற்கும் 'ஹை', 'ஸ்பீட்' என்னும் பெயரைச் சார்ந்து நிற்பதால் ஆட்ஜெக்டிவ். இதுவரை அந்த வழிகாட்டி நூலின் சூத்திரம் செல்லுபடியாவதுபோலத்தான் தோன்றும்.

ஆனால் இன்னும் சற்றுத் தூரம் நடந்து, ஏதாவது ஒரு தொழிற்சாலையின் வாசலுக்கு வாருங்கள். உள்ளே நுழையும் வண்டிகளுக்காக மாட்டியிருக்கும் பலகையில் 'டெட் ஸ்லோ' என்று இருக்கும். இரண்டு சொற்களில் எதற்கும் 'லி' என்னும் வால் கிடையாது. ஆயினும் 'ஸ்லோ' என்பது வண்டியைச் செலுத்தும் செயலைச் சார்ந்து நிற்கும் ஆட்வெர்ப். 'டெட்' என்பது அந்த ஆட்வெர்ப்பையே சார்ந்து, மிகமிக மெதுவாக என்னும் பொருளைத் தரும் மற்றோர் ஆட்வெர்ப். வழிகாட்டி நூலின்படி இரண்டும் ஆட்ஜெக்டிவ் ஆகிவிடும்!

துறைமுகத்துக்குள்ளே போனால் சூத்திரம் இன்னும் சீர்குலைந்துபோகிறது. கடலிலிருந்து வரும் கப்பலைத் துறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் பைலட், மேல்தளத்தில் நின்றபடி இடும் கட்டளைகள் 'டெட் ஸ்லோ அஹெட்', 'ஹாஃப் அஸ்டர்ன்', 'ஹார்ட் அ ஸ்டார்போர்ட்' என்ற வகையைச் சேர்ந்தவை. உலகின் எந்தத் தேசத்து மாலுமியும் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நியமமான கடல்வழித் தொடர்களிலும் இவை அப்படியேதான் இருக்கின்றன. (எங்கள் எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராசர் துறைமுகம், செயற்படத் தொடங்கியதும் அதே 2001-இல்தான்.) சுக்கானை வலப்புறம் முழுக்கத் திருப்பச் சொல்லும் அந்த மூன்றாவது கட்டளையில் 'ஹார்ட்' என்பதற்குப் பதிலாக 'ஹார்ட்லி' என்று சொன்ன பைலட் உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார், ஏனெனில் அந்தச் சொல்லுக்கு 'அநேகமாக இல்லை' என்பது பொருள்.

அப்படியானால் இந்த 'லி' என்னும் வால் எங்கிருந்து வந்தது, ஏன் சில சொற்களுக்கு மட்டும் அது ஒட்டியது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நானும் பழைய புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், உடல் அல்லது வடிவம் என்னும் பொருளுடைய 'லிக்' என்னும் ஒரு சொல் பெயர்களோடு ஒட்டி, 'அதன் தன்மையுடைய' என்று பொருள்படும் ஆட்ஜெக்டிவ்களை உண்டாக்கிற்று. அதன் ஈற்றில் 'எ' என்னும் ஓர் ஒலியைச் சேர்த்தால் அது ஆட்வெர்ப் ஆகிவிடும். காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து மறைந்தபோது இரண்டும் ஒன்றாகி, இன்றைய 'லி' ஆயின. அதனால்தான் 'ஃப்ரெண்ட்லி', 'காஸ்ட்லி', 'லவ்லி', 'டெட்லி' ஆகியவை வாலோடு இருந்தும் ஆட்ஜெக்டிவ்களாகவே நிற்கின்றன. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்ற சொற்களோ 'லிக்' ஒட்டாமல் அந்த 'எ' ஒலியை மட்டும் பெற்று ஆட்வெர்ப்களாக வாழ்ந்தவை. ஒலி மறைந்தபின் ஆட்ஜெக்டிவ் எது, ஆட்வெர்ப் எது என்று உருவத்தால் பிரித்தறிய முடியாதபடி ஒரே தோற்றத்தில் நின்றுவிட்டன. ஆக, வால் இருப்பதும் இல்லாததும் சரித்திரத்தின் விளைவேயன்றி இலக்கணத்தின் ஆணை அன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இதை ஆணையாக்க முயன்றார்கள். பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத் என்பவர் 1762-இல் வெளியிட்ட சிறிய இலக்கண நூலில், ஆட்ஜெக்டிவ் உருவத்தை ஆட்வெர்ப்பாகப் பிரயோகிப்பது ஆங்கில மொழியின் இயல்புக்கு ஒவ்வாதது என்று கண்டித்து, பெரிய எழுத்தாளர்களின் வாக்கியங்களையே பிழை என்று எடுத்துக்காட்டினார். அவரைப் பின்பற்றி 1795-இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் ஆங்கிலம் பயிலப்பட்ட தேசங்களெங்கும் பள்ளிக்கூடங்களில் ஆட்சி செலுத்திற்று. நம் தேசத்திலோ, பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணிபுரிந்தவரும் 'போ ஜெஸ்ட்' என்னும் நாவலை 1924-இல் எழுதிப் புகழ்பெற்றவருமான ரென் என்பவர், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து 1930-களில் ஆக்கிய இலக்கண நூல் இன்றுவரை வீட்டுக்கு வீடு கிடக்கிறது. அந்த நூலில் விதிவிலக்குகள் இருக்கின்றன. பொறுமையாகப் படிப்பவர்களுக்கு அது நல்ல நூல்தான். அதன் சாரத்தைப் பிழிகிறோம் என்று சொல்லிக்கொண்டு சக்கையை மட்டும் கட்டம் கட்டி விற்பவர்கள்மேல்தான் என் வருத்தம்.

இனி, கற்பிக்க நான் முயன்ற கதையைச் சொல்கிறேன்.

வாலைப் பார்க்கும் வழி கூடாது என்று தீர்மானமாகிவிட்டதால், பலரும் சொல்லும் இரண்டாவது உபாயத்தை எடுத்தேன். 'எப்படிப்பட்ட' என்று கேட்டு விடை வந்தால் ஆட்ஜெக்டிவ். 'எப்படி' என்று கேட்டு விடை வந்தால் ஆட்வெர்ப். எப்படிப்பட்ட கப்பல்? பெரிய கப்பல். எப்படி நகர்ந்தது? மெதுவாக நகர்ந்தது. பெண்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். பத்து வாக்கியங்களுக்கு ஒன்பது சரியாகவே வந்தன.

பத்தாவதில் சிக்கல் வந்தது.

அந்தப் பெண்ணின் தாயார் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். விடிவதற்கு முன்பே ஏலத்தில் கூடை எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுமுடிக்கிற அந்த அம்மாள், வஞ்சிரத்தின் செவுளை விரலால் தூக்கிக் காட்டி, "பாருண்ணே, செவுளு எப்டி செவப்பா கீது! மீனு ஃப்ரெஷ்ஷா கீது, எடுத்துக்கினு போ" என்று என்னிடம் சொல்லுவதுண்டு. அந்தப் பேச்சையே வாக்கியமாகக் கொடுத்து, ஆங்கிலத்தில் சொல் என்றேன். மகள் தயங்காமல் 'தி ஃபிஷ் இஸ் ஃப்ரெஷ்லி' என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் என்னைச் சிந்திக்க வைத்தது.

"மீன் எப்படி இருக்கு? ஃப்ரெஷ்ஷா இருக்கு. நீங்கதானே மாமா, 'எப்படி'ன்னு கேட்டா ஆட்வெர்ப்புன்னு சொன்னீங்க?"

அவளுடைய தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. கேள்வியில்தான் குறை. தமிழில் 'எப்படிப் பாடினாள்' என்றும் கேட்கிறோம், 'எப்படி இருக்கிறாள்' என்றும் கேட்கிறோம். இரண்டுக்கும் 'அழகாக' என்னும் ஒரே விடை பொருந்துகிறது. ஆங்கிலத்திலோ முதலாவதற்கு 'ப்யூட்டிஃபுலி' என்றும், இரண்டாவதற்கு 'ப்யூட்டிஃபுல்' என்றும் இருவேறு விடைகள். நம் 'ஆக' என்னும் ஒட்டு (பேச்சில் தேய்ந்து 'ஆ' என்று நிற்பது) ஆங்கிலத்தார் இரண்டாகப் பிரித்த காரியத்தை ஒன்றாகவே செய்கிறது. நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அறியாமை அன்று, சோம்பேறித்தனமும் அன்று. தமிழை ஒழுங்காக அறிந்திருப்பதுதான் காரணம்! 'ஆக'வுக்கு நேர் 'லி' என்று அவர்கள் மனம் தானாகவே ஒரு சமன்பாடு போட்டுக்கொள்கிறது. அந்தச் சமன்பாடு பெரும்பாலான இடங்களில் பொருந்தி, 'இரு' என்னும் வினையின் வாசலில் முறிகிறது.

இதைக் கண்டுகொண்ட பிறகு நான் தெருப்பேச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் ஆச்சரியம்.

வடசென்னை ஜனங்கள் ஆங்கிலச் சொற்களை எத்தனை தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 'கரெக்டா சொன்னான்', 'கரெக்டான ஆளு'. 'ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு', 'ஸ்ட்ராங்கான கயிறு'. 'நட்டை டைட்டா முடுக்கு', 'டைட்டான சட்டை'. 'ஸ்லோவா போ', 'ஸ்லோவான வண்டி'. பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத மூட்டை தூக்குபவரும், வலை பழுது பார்ப்பவரும், லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் சிறுவனும், பெயருக்கு முன்னால் 'ஆன' என்றும், வினைக்கு முன்னால் 'ஆ' என்றும் ஒருபோதும் மாறாமல் பிரயோகிக்கிறார்கள். 'கரெக்டான சொன்னான்' என்று எவராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருக்கவே முடியாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. அவர்கள் எடுப்பது ஆங்கிலத்தின் வாலில்லாத உருவத்தைத்தான். வாலை நம் மொழியிலிருந்து ஒட்டுகிறார்கள். 'டோட்டலா', 'நார்மலா', 'ஜெனரலா', 'ஈஸியா' என்பவற்றில் எங்கேயும் 'லி' இல்லை. ஆட்ஜெக்டிவ், ஆட்வெர்ப் என்னும் பெயர்களைக் கேட்டேயிராத மக்கள், அந்நிய மொழிச் சொல்லின் வேரை இனங்கண்டு பிரித்தெடுத்து, அதை எந்தச் சொல்லின் முன்னால் வைக்கப்போகிறோம் என்பதை அறிந்து அதற்கேற்ற ஒட்டைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்றால், அந்த இலக்கண வேறுபாடு அவர்களுக்குள் ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதைப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் சொல்வது கடினம்.

நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை எவ்வளவு தெளிவாக வகுத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைப் படித்தவர்களுக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் தெரியும். எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. தனியே நிற்கையில் பொருள் முற்றுப்பெறாதது. 'நல்ல' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவன் காத்திருக்கிறான். பையன், பாட்டு, கப்பல் என்று ஒரு பெயர் வந்தால்தான் அவன் மனம் அமைதியடையும். 'மெல்ல' என்று சொல்லி நிறுத்தினாலும் காத்திருக்கிறான். ஆனால் இங்கே அவன் காத்திருப்பது போ, வா, பேசு என்பதுபோன்ற ஒரு வினைக்கு. சொல்லின் முகத்தையோ வாலையோ பார்த்து இனம் பிரிக்காமல், அது எதைக் கொண்டு முடிகிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். இதைவிடச் சிறந்த முறையை நான் எந்த ஆங்கில இலக்கணத்திலும் கண்டதில்லை. வடமொழி வழக்கில் விசேஷணம் என்றும் கிரியாவிசேஷணம் என்றும், இன்றைய பள்ளி வழக்கில் பெயரடை என்றும் வினையடை என்றும் சொல்லப்படுகிறவை பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே நிற்கின்றன.

தொல்காப்பியம் உரிச்சொல்லுக்கென்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. உறு, தவ, நனி முதலிய உரிச்சொற்கள் மிகுதி என்னும் பொருளைத் தருபவை. உரிச்சொற்கள் உருவம் மாறாமலே பெயரையும் சாரும், வினையையும் சாரும். 'ஃபாஸ்ட் ட்ரெயின்' என்றும் 'ரன் ஃபாஸ்ட்' என்றும் ஒரே உருவம் இரண்டு வேலை செய்வதைக் கண்டு மிரளுகிற பிள்ளைக்கு, உன் மொழியிலும் இத்தகைய சொற்கள் உண்டு என்று இதைக் காட்டலாம்.

(ஒரு சிறு கிளைக்கதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட அதே 1856-ஆம் ஆண்டில்தான், கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. ஐரோப்பிய மொழிகளில் உள்ளதுபோல ஆட்ஜெக்டிவ் என்னும் தனி இனம் நம் மொழிகளில் இல்லை, குணத்தை உணர்த்தும் பெயர்களே இன்னொரு பெயரின் முன்னால் நின்று அந்தக் காரியத்தைச் செய்கின்றன என்னும் கருத்தை அவர் அதில் கூறினார். ஐரோப்பியர்களும் வெகுகாலம் ஆட்ஜெக்டிவைப் பெயரின் ஒரு வகையாகவே கருதி வந்தவர்கள்தாம். அதைத் தனி இனமாக்கியது பிற்கால ஏற்பாடு. இராயபுரத்துப் பழைய ரயில் நிலையக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்த ஒற்றுமை எனக்கு நினைவுக்கு வரும்.)

இனிப் பிரயோகத்துக்கு வருவோம். என் மாணவிகளுக்கு நான் இப்போது சொல்லும் விதி இதுதான். சொல் ஒரு பெயரைச் சார்ந்தால் ஆட்ஜெக்டிவ். பெயரல்லாத வேறு எதைச் சார்ந்தாலும், அது வினையாயினும், குணமாயினும், இன்னோர் ஆட்வெர்ப்பாயினும், அல்லது முழு வாக்கியமேயாயினும், ஆட்வெர்ப். சார்பைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: அந்தத் தன்மை யாருடையது? பொருளுடையதா, செயலுடையதா?

மீன் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது. புதுமை யாருடையது? மீனுடையது. மீன் பெயர். ஆகவே 'ஃப்ரெஷ்'. இங்கே தமிழ் உருவம் 'இரு' என்னும் வினையைக் கொண்டு முடிந்தாலும், ஆங்கிலம் பொருளின் உரிமையைப் பார்த்தே உருவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அவள் அழகாக இருக்கிறாள் என்னும்போது அழகு அவளுடையது, 'ப்யூட்டிஃபுல்'. அவள் அழகாகப் பாடினாள் என்னும்போது அழகு பாடும் செயலுடையது, 'ப்யூட்டிஃபுலி'. அளவு கரெக்டாக இருக்கிறது, 'கரெக்ட்'. கரெக்டாக அளந்தான், 'கரெக்ட்லி'.

'இரு'வின் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கில வினைகள் சிலவே. 'பி', 'சீம்', 'பிகம்', 'லுக்', 'ஃபீல்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'சவுண்ட்', 'ரிமெயின்' ஆகியவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். இவற்றுள் எதையாவது எடுத்துவிட்டு அங்கே 'இஸ்' என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிலைத்தால் பின்னால் ஆட்ஜெக்டிவ்தான் வரும். 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்' என்பதில் 'இஸ்' வைத்தாலும் மீன் கெட்டதாகவே இருக்கிறது. எனவே 'பேட்' சரி. அங்கே 'பேட்லி' என்று போட்டால் கெட்டுப்போனது மீனின் மோப்ப சக்தி என்றாகிவிடும்! 'லுக்' என்பதற்கு இரண்டு வாழ்க்கை உண்டு என்பதையும் கவனியுங்கள். அவர் முகத்தில் கோபம் தெரிந்தது என்றால் 'ஹீ லுக்ட் ஆங்க்ரி', கோபம் அவருடையது. அவர் என்னைக் கோபமாக நோக்கினார் என்றால் 'ஹீ லுக்ட் அட் மீ ஆங்க்ரிலி'; இங்கே அவர் கண்ணால் செய்த செயலுக்கு அடை. வினை ஒன்றுதான், வேலை வேறு.

அடுத்த கண்ணி, வால் சேர்ந்தால் பொருளே மாறிவிடும் சில சொற்கள். துறைமுகத்தில் உழைப்பவரைப் பற்றி 'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார் என்பது கருத்து. 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்றாகும். ஒருவருடைய வாழ்நாள் உழைப்பையே ஓர் ஒட்டு இல்லாமற் செய்துவிடுகிறது பாருங்கள்! கப்பல் தாமதமாக வந்தது என்பதற்கு 'லேட்'. சமீபகாலமாக என்பதற்கு 'லேட்லி'. தொழிற்சாலைகளில் விபத்து நேரவிருந்து மயிரிழையில் தப்பிய சம்பவத்தை 'நியர் மிஸ்' என்று பதிவேட்டில் எழுதுவார்கள். 'மிஸ்' அங்கே பெயராதலால் முன்னால் 'நியர்' நிற்கிறது. 'நியர்லி' என்பதோ ஏறக்குறைய, மயிரிழையில் என்னும் பொருளோடு வினைக்கு அடையாகும். உயரே பறப்பதற்கு 'ஹை'. மிகுந்த அளவில் என்பதற்கு 'ஹைலி'. 'நலமாக இருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் வெல்' என்கிறோமே, அந்த 'வெல்' ஆட்ஜெக்டிவ். நன்றாகப் பாடினாள் என்பதில் வரும் 'வெல்' ஆட்வெர்ப். சார்பைக் கேளுங்கள், குழப்பம் தானே விலகும்.

இதெல்லாம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்கவேண்டிய சங்கதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, எங்கள் வட்டாரத்தோடு நெருங்கிய ஓர் உதாரணத்தையும் சொல்கிறேன். ரசாயனப் பொருள்களின் அபாயத்தை உலகமெங்கும் ஒரே விதமாக அறிவிப்பதற்காக ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட வகைப்பாட்டு முறையில், தீப்பற்றும் திரவங்களுக்கு 'ஃப்ளேமபிள்' என்னும் சொல்லைக் கொண்ட மூன்று எச்சரிக்கை வாசகங்கள் உள்ளன. ஆவி ஒரு பொறிபட்டுத் தீப்பற்றும் வெப்பநிலை ('ஃப்ளாஷ் பாயிண்ட்') 23 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள திரவத்துக்கு வெறும் 'ஃப்ளேமபிள்'. 23 டிகிரிக்கும் கீழே இருந்தால் 'ஹைலி ஃப்ளேமபிள்'. அதோடு 35 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும் திரவமாயின் 'எக்ஸ்ட்ரீம்லி ஃப்ளேமபிள்'. மூன்று வாசகங்களிலும் மற்றச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. வேறுபடுவது ஆட்வெர்ப் ஒன்றுதான். நம் ஊர் வெயிலின் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவி எழுந்து ஒரு சிறு பொறிக்குப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் திரவத்துக்கும், இன்னும் வெப்பம் ஏறும்வரை பொறுக்கும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒற்றை அடைமொழி சுமந்து நிற்கிறது. டேங்கரோடும் பீப்பாயோடும் குழாயோடும் அன்றாடம் புழங்குகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அடைமொழியை அலங்காரம் என்று எண்ணித் தாண்டிப் படித்துவிடாமல், அது எதைச் சார்ந்து என்ன சொல்கிறது என்று நின்று படிக்கப் பழக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தின் இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்காதீர்கள். முதல் நாள் வகுப்பில் 'கரெக்டான' என்றும் 'கரெக்டா' என்றும் பலகையில் எழுதி, இரண்டுக்கும் பின்னால் என்னென்ன சொற்கள் வரக்கூடும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைகூடப் பிழை செய்யாது என்பதை நீங்களே காண்பீர்கள். பிறகு, இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தார் இன்னின்னவாறு காட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். மறுநாள் முழுவதையும் 'இரு'வின் குடும்பத்துக்கு ஒதுக்குங்கள். நம் மொழியும் அவர்கள் மொழியும் பிரியும் சந்தி அதுவாதலால், அங்கே எத்தனை நேரம் நின்றாலும் வீணாகாது. வாலைப் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குள் பிள்ளைகளுக்கு அது ஒரு சிறிய தகவலாகிவிட்டிருக்கும், பயமுறுத்தும் விதியாக இராது.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்நிய மொழிச் சொல்லை வாங்கிய மாத்திரத்தில் அதற்குரிய ஒட்டைப் பிழையின்றிச் சேர்த்து வழங்கத் தெரிந்த ஒரு ஜனசமூகத்துக்கு இலக்கண அறிவு இல்லை என்பதை என்னால் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள முடியாது. அவர்களிடம் இருப்பதை அவர்களுக்கே எடுத்துக்காட்டி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் நூல்களும்தான் இங்கே போதவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது கற்றவர்களாகிய நம்முடைய கடமை. என்னால் இயன்ற மட்டும், மாலைதோறும் அதை நான் செய்துகொண்டிருக்கிறேன்.